நம்பர் இருக்கிறது, ஆள் எங்கே? அமெரிக்காவில் திருட்டுத் துப்பாக்கியைத் தேடும் கதை

பைக்கை செகண்ட் ஹேண்டில் விற்றுவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து ஏதோ ஓர் ஊர் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "உங்க வண்டி ஒரு செயின் பறிப்பு கேஸ்ல மாட்டியிருக்கு, வந்து பாருங்க." வண்டியை யாருக்கு விற்றோம் என்பதே மறந்துபோயிருக்கும். ஆனால் ஆர்.டி.ஓ. பதிவில் இன்னும் நம் பெயர்தான் இருக்கிறது. போலீஸ் கையில் இருக்கும் ஒரே நூல் அதுதான், அதைப் பிடித்துக்கொண்டு முதலில் நம் வாசலுக்குத்தான் வருவார்கள்.

இப்போது அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தையே எடுத்துவிடுங்கள். எந்த வண்டி யாருடையது என்று நாடு முழுவதற்குமான பட்டியல் எங்கேயும் கிடையாது. வண்டியை முதன்முதலில் விற்ற ஷோரூமில் மட்டும் ஒரு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அரசு பட்டியல் போடக் கூடாது என்று சட்டம் வேறு சொல்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கிகளின் நிலைமை ஏறக்குறைய இதுதான். மக்கள் கையில் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக மதிப்பிடப்படும் நாடு அது. மக்கள்தொகையைவிட அதிகம்.

போலீஸ் சீரியல்களில் காட்டுவதுபோல் சீரியல் நம்பரைத் தட்டியதும் திரையில் போட்டோவோடு பெயர் வந்து நிற்பதெல்லாம் அங்கே நடக்காது. அப்படியொரு கம்ப்யூட்டர் இல்லை. அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரு ராத்திரியில் கிடைத்த பெயர்

1963 நவம்பர் 22. டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்ட சிறிது நேரத்தில், ஒரு புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியில் இத்தாலியில் செய்த கார்கானோ ரைஃபிள் ஒன்று கிடைத்தது. அதில் சி2766 என்ற எண். எஃப்.பி.ஐ. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இறக்குமதியாளரைப் பிடித்தது, அங்கிருந்து சிகாகோவில் தபால் மூலம் துப்பாக்கி விற்கும் கிளைன்ஸ் என்ற கடைக்குப் போனது. கடை ஆட்கள் இரவெல்லாம் மைக்ரோஃபிலிம் சுருள்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். விடியும் முன்பே ஓர் ஆர்டர் கிடைத்துவிட்டது. பத்திரிகை விளம்பரத்திலிருந்து வெட்டி எடுத்த கூப்பன், தபால் செலவோடு சேர்த்து 21 டாலர் 45 சென்ட், ஏ. ஹைடெல் என்ற பெயர், டல்லாஸில் ஒரு தபால் பெட்டி எண். ஹைடெல் என்பது லீ ஹார்வி ஆஸ்வால்ட் வைத்துக்கொண்ட பொய்ப்பெயர்.

கவனிக்க வேண்டியது, இன்றைய கூட்டாட்சிப் பதிவுச் சட்டம் அப்போது இல்லை. அந்தக் கடை கணக்கு வழக்கில் ஒழுங்காக இருந்ததால் அந்தக் காகிதம் கிடைத்தது. கூப்பனை வெட்டி அனுப்பினால் வீட்டுக்கே துப்பாக்கி வந்து சேரும் நாடாக அது இருந்தது.

1968-ல் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. புதிதாகச் செய்யும், இறக்குமதியாகும் துப்பாக்கி ஒவ்வொன்றிலும் சீரியல் நம்பர் கட்டாயம் என்றார்கள். தொழிலாக விற்பவர் உரிமம் பெற வேண்டும், வரவையும் விற்பனையையும் எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். தனிநபர் வெளிமாநிலக் கடையிலிருந்து தபாலில் வாங்குவது நின்றது. துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லோரையும் பதிவு செய்யும் திட்டத்தையும் அதிபர் ஜான்சன் விரும்பினார். நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றே, துப்பாக்கி ஆதரவுக் குழுக்கள் அதைத் தடுத்துவிட்டதாக அவர் வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். இன்றுவரை நடக்கும் சண்டை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது: கடையில் நோட்டு இருக்கட்டும், அரசிடம் பட்டியல் வேண்டாம்.

நோட்டில் என்ன இருக்கிறது?

உரிமம் பெற்ற டீலரிடம் இரண்டு விதமான பதிவுகள் இருக்கும். ஒன்று பேரேடு. சரக்கு எந்தத் தேதியில் யாரிடமிருந்து வந்தது, தயாரித்தது யார், மாடல், சீரியல் நம்பர், பிறகு எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்று ஒரே வரியில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. நம் ஊர் அடகுக்கடை நோட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இன்னொன்று, வாங்குகிறவர் நிரப்பும் படிவம் 4473. பெயர், முகவரி, பிறந்த தேதி, உயரம், எடை. கூடவே ஆமா-இல்லை கேள்விகள்: போதைப்பொருள் பழக்கம் உண்டா, பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவரா, இந்தத் துப்பாக்கியை வாங்குவது உங்களுக்காகவேதானா? 2024-ல் பைடனின் மகன் ஹண்டருக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததே, அது இந்தப் படிவத்தில் போதைப்பழக்கக் கேள்விக்குப் பொய் சொன்ன வழக்குதான் (பிறகு அப்பாவே மன்னிப்பு வழங்கிவிட்டார்).

படிவம் நிரப்பியதும் டீலர் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனைக்கு விவரம் அனுப்புவார். 1998 நவம்பரில் தொடங்கிய ஏற்பாடு இது. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். இந்தச் சோதனையில் ஆளைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்தக் கம்பெனி, என்ன சீரியல் நம்பர் என்பது எஃப்.பி.ஐ.க்குப் போகாது. கைத்துப்பாக்கியா, நீளத் துப்பாக்கியா என்ற அளவில் வகை மட்டும் போகும். விற்கலாம் என்று பதில் சொல்லிவிட்டால், வாங்கியவரை அடையாளம் காட்டும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். ஆக, அரசின் கம்ப்யூட்டரில் அந்த விற்பனை தங்குவதில்லை. டீலரின் அலமாரியில் இருக்கும் காகிதம்தான் மிச்சம்.

போன் மேல் போன்

ஒரு ஊரில் கொலை நடந்து, புதரில் துப்பாக்கி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் போலீஸ் அதன் தயாரிப்பாளர், மாடல், குண்டின் அளவு, சீரியல் நம்பர் எல்லாவற்றையும் குறித்து ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்புக்கு அனுப்பும். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் நான்கையும் கவனிக்கும் அமைப்பு அது. தடம் தேடும் பொறுப்பு முழுக்க மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் இருக்கும் அதன் மையத்துக்கு. நாட்டில் இந்த வேலைக்கு இருப்பது அந்த ஒரே இடம்தான். வருடத்துக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் அங்கே வருகின்றன.

மையத்து ஆள் முதலில் தயாரிப்பாளரைக் கேட்பார்: இந்த நம்பர் யாருக்குப் போனது? அவர் ஒரு மொத்த வியாபாரியின் பெயரைச் சொல்வார். மொத்த வியாபாரி ஒரு சில்லறைக் கடையைச் சொல்வார். கடைக்காரர் பேரேட்டைப் புரட்டி, படிவத்தை எடுத்து, வாங்கியவர் பெயரைச் சொல்வார். ஏ.டி.எஃப். கேட்டால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவசர வழக்கு என்றால் ஒரே நாளில் பெயர் கிடைத்துவிடும். சாதாரண வழக்கு வாரக்கணக்கில் இழுக்கும்.

இதில் சொதப்புவதற்கு வேண்டிய இடம் இருக்கிறது. சீரியல் நம்பர் என்பது நாடு முழுக்கத் தனித்துவமானது கிடையாது. ஒரு கம்பெனிக்குள் மட்டும்தான் அது ஒன்றே ஒன்று. இரண்டு கம்பெனித் துப்பாக்கிகளில் ஒரே எண் இருக்கலாம். துப்பாக்கியின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் காப்புரிமை எண்ணைச் சீரியல் நம்பர் என்று நினைத்து அனுப்பிவிடுகிற போலீஸ்காரர்களும் உண்டு. பூஜ்யமா, ஆங்கில ஓவா என்ற குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணை அரத்தால் ராவி எடுத்துவிட்டால்? ஓரளவுக்கு அதற்கும் வழி உண்டு. உலோகத்தில் எண்ணை அச்சாக அடிக்கும்போது, அந்த அடியில் மேற்பரப்புக்குக் கீழே இருக்கும் உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேலே தேய்த்துப் போனாலும் அடியில் அந்த இறுக்கம் மிச்சமிருக்கும். ஆய்வகத்தில் அந்த இடத்தை வழவழப்பாக்கி அமிலம் தடவுவார்கள். நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் ஒரே வேகத்தில் அரிபடாது. எண்ணின் நிழல்போல ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வரும், சற்று நேரத்தில் மங்கியும் போகும். அதற்குள் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தின் ஆழம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது, சுலபமாகத் தேய்த்து அழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

சரி, கடையையே மூடிவிட்டார்கள் என்றால்? அப்போது தங்கள் பதிவுகள் எல்லாவற்றையும் ஏ.டி.எஃப்.க்கு அனுப்பிவிட வேண்டும். அதனால் மூடிய கடைகளின் காகிதமெல்லாம் மார்ட்டின்ஸ்பர்க்கில் வந்து குவிகிறது. பெட்டி பெட்டியாக, சில தண்ணீரில் நனைந்து, பூஞ்சை பிடித்து. கட்டடத்தில் இடம் போதாமல் வாகன நிறுத்துமிடத்தில் சரக்குக் கண்டெய்னர்களை நிறுத்தி அவற்றில் அடுக்கிய காலமும் உண்டு. 2022 ஜனவரியில் வெளியான கணக்குப்படி அங்கே சுமார் 92 கோடிப் பதிவுகள். அவற்றில் 86.5 கோடி ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டன.

ஸ்கேன் செய்தாயிற்றே, தேடினால் வந்துவிடாதா? வராது. அவை வெறும் படங்கள். பெயரைத் தட்டித் தேடும் வசதி வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. ஊழியர் அந்தக் கடையின் உரிம எண்ணை வைத்துக் கோப்பைத் திறப்பார், பிறகு பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போவார். யாரோ ஒருவரின் கிறுக்கல் கையெழுத்தில் அந்த ஒரு வரி கண்ணில் படும் வரை. 1963-ல் கிளைன்ஸ் கடையில் மைக்ரோஃபிலிம் சுற்றியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

திருட்டு என்றால்

இத்தனை பாடுபட்டும் கிடைப்பது ஒரே ஒரு பெயர்: கடையிலிருந்து முதலில் வாங்கியவர். அவர் அதைத் தன் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றிருக்கலாம். ஒரே மாநிலத்துக்குள் தனிநபரும் தனிநபரும் விற்று வாங்கினால் மத்திய சட்டப்படி எந்தக் காகிதமும் தேவையில்லை. சில மாநிலங்களில் தனிநபர் விற்பனைக்கும் சோதனை, பதிவு உண்டு, பலவற்றில் கிடையாது. பெயர் மாற்றாத பைக் கதைதான்.

திருட்டு என்றால் நூல் இன்னும் மோசமாக அறுகிறது. விற்றவருக்காவது யாரிடம் கொடுத்தோம் என்று தெரியும். திருடு கொடுத்தவருக்கு அதுவும் தெரியாது. 2017 முதல் 2021 வரையிலான ஐந்து வருடங்களில் அமெரிக்காவில் திருடு போனதாகப் புகார் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கு மேல். அவற்றில் நூற்றுக்கு 95-க்கும் மேல் தனிமனிதர்களிடமிருந்து போனவை. கடைகளிலிருந்து போனது அதில் சின்னப் பங்குதான். இதுவும் புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும்.

ஒரே ஒரு துப்பாக்கியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். 2015 ஜூன் 27, சான் ஃபிரான்சிஸ்கோ. மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையில் ரேஞ்சராக இருந்த ஒருவர் காரை நிறுத்திவிட்டுப் போகிறார். கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பையில் அவருடைய பணித் துப்பாக்கி. அவர் உடனே போலீசில் புகார் கொடுத்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 1 அன்று, அதே ஊரின் கடற்கரைப் பாலத்தில் அப்பாவோடு நடந்துபோன ஓர் இளம்பெண் குண்டு பட்டு இறந்தார். நீரிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால், அந்த ரேஞ்சருடைய அதே துப்பாக்கி.

தடம் தேடுவதில் இதைவிடச் சாதகமான வழக்கு கிடையாது. உடைமையாளர் அரசு ஊழியர். நம்பர் தெரியும். புகாரும் பதிவாகியிருக்கிறது. அப்படியும் ஜூன் 27-க்கும் ஜூலை 1-க்கும் நடுவில் அது யார் யார் கை மாறியது என்பது துலங்கவே இல்லை. பிடிபட்டவர், பெஞ்சுக்கு அடியில் துணியில் சுற்றிக் கிடந்தது, எடுத்தேன், வெடித்துவிட்டது என்றார். 2017-ல் ஜூரி அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சீரியல் நம்பர் நம்மைத் திருட்டு நடந்த வாசல் வரைக்கும் சரியாகக் கொண்டுபோய் விடுகிறது. அதற்கு அப்பால் பழைய பாணிப் போலீஸ் வேலைதான்: விரல்ரேகை, கேமரா, வாய்விட்டுப் பேசும் சாட்சி.

திருடு போனதைப் புகாராகக் கொடுத்தால் அந்த எண், எஃப்.பி.ஐ. 1967 முதல் நடத்தும் தேசியக் குற்றத் தகவல் பட்டியலில் ஏறும். எங்கோ ஒரு போலீஸ்காரர் வாகனச் சோதனையில் துப்பாக்கியை எடுத்து எண்ணைத் தட்டினால் 'திருட்டு' என்று வரும். ஆமாம், இது கம்ப்யூட்டர் பட்டியல், எண்ணைத் தட்டித் தேடலாம், இதை எதிர்ப்பவர்களும் அவ்வளவாக இல்லை. சிக்கல், அதில் ஏறினால்தானே. துப்பாக்கி திருடு போனால் தனிநபர் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்லவில்லை. கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் போன்ற சில மாநிலங்கள் சொல்கின்றன.

இந்தக் கட்டாயத்தைக் கேட்பவர்களுக்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. பினாமியாக வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. தண்டனை பெற்றதால் தானே வாங்க முடியாத ஒருவனுக்காக, காதலியோ நண்பனோ படிவத்தில் 'எனக்காகத்தான்' என்று எழுதி வாங்குவது. ஆறு மாதம் கழித்துத் துப்பாக்கி ஒரு கொலையில் சிக்கி, தடம் பிடித்துக்கொண்டு அதிகாரி வந்து கதவைத் தட்டினால், ஒரே பதில்: "அது திருடு போச்சு சார்." புகார் ஏன் கொடுக்கவில்லை? "தேவைன்னு தோணல." அந்தப் பதிலை உடைப்பது கஷ்டம். எதிர்ப்பவர்கள் சொல்வதும் லேசில் தள்ளிவிடக்கூடியது இல்லை. பொருளைப் பறிகொடுத்தவனுக்கே அபராதமா, பரண்மேல் வைத்த துப்பாக்கி எப்போது போனது என்றே தெரியாதவன் என்ன செய்வான் என்று கேட்கிறார்கள்.

பினாமி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே இருந்திருக்கிறது. வர்ஜீனியாவில் ஒரு முன்னாள் போலீஸ்காரர், தனக்குக் கிடைக்கும் தள்ளுபடி விலையில் உறவினர் ஒருவருக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். அந்த உறவினர் சட்டப்படி தானே வாங்கியிருக்கக் கூடியவர்தான். இருந்தும் 'எனக்காக' என்று எழுதியது பொய்தான், குற்றம்தான் என்று 2014-ல் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் தீர்ப்பளித்தார்கள். பினாமியாக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கிய மத்திய சட்டம் 2022-ல்தான் வந்தது.

238 துப்பாக்கிகள் குறைந்த கடை

கடையிலிருந்தே திருடு போனால் நிலைமை வேறு. டீலருக்குச் சட்டம் கறாராகச் சொல்கிறது: காணாமல் போனது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.க்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்ல வேண்டும். 'தெரிந்த' என்ற சொல்லில்தான் ஓட்டை.

2002 அக்டோபரில் மூன்று வாரம் வாஷிங்டன் நகரமும் சுற்றுப்புறமும் நடுங்கிக்கொண்டிருந்தன. பெட்ரோல் போட நின்றவர், புல் வெட்டிக்கொண்டிருந்தவர், பஸ் டிரைவர் என்று சம்பந்தமே இல்லாதவர்கள் எங்கிருந்தோ வந்த ஒற்றைக் குண்டில் விழுந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். அக்டோபர் 24 அதிகாலை நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒரு பழைய காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜான் ஆலன் முகமதுவும் 17 வயது லீ பாய்ட் மால்வோவும் பிடிபட்டார்கள். காருக்குள் புஷ்மாஸ்டர் ரைஃபிள். இருவருமே சட்டப்படி கடையில் துப்பாக்கி வாங்க முடியாதவர்கள். ஒருவர் மீது நீதிமன்றத் தடையாணை, மற்றவன் வயது வராதவன்.

தடம் தேடியதில், அந்த ரைஃபிள் அதே வருடக் கோடையில் கம்பெனியிலிருந்து நாட்டின் மறுகோடியில் டகோமா நகரத்தில் இருந்த ஒரு கடைக்குப் போனது தெரிந்தது. கடைக்குப் போனார்கள். வந்ததற்குப் பதிவு இருக்கிறது. விற்றதற்குப் பதிவு இல்லை. கடையிலும் இல்லை. காணோம் என்று புகாரும் இல்லை. கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாக மால்வோ பின்னால் சொன்னான். தணிக்கை செய்து பார்த்தால் மூன்று வருடங்களில் அந்த ஒரே கடையில் 238 துப்பாக்கிகளுக்குக் கணக்கு இடிக்கிறது. கடையும் ரைஃபிள் கம்பெனியும் 2004-ல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சுமார் 25 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.

மார்ச் மாதம் வந்தால் நம் தெரு மளிகைக்கடைக்காரர்கூட ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டாக் எடுப்பார். அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்காரர் அப்படி வருடத்துக்கு ஒருமுறை சரக்கை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்ற விதியை ஏ.டி.எஃப். கொண்டுவரக் கூடாது என்று, அந்தக் கொலைகளுக்குப் பிறகு நாடாளுமன்றம் தன் செலவுச் சட்டத்தில் எழுதி வைத்தது. வாரண்ட் இல்லாமல் கடைக்குள் போய்ச் சோதனையிடுவதும் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறைதான். எண்ணாதவனுக்குக் குறைந்தது தெரியாது. தெரியாதவன் 48 மணி நேரத்துக்குள் சொல்லத் தேவையில்லை. இந்த விஷயத்தில் நடுநிலையாக நிற்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பட்டியல் வேண்டாம் என்பவர்கள்

இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் என்ன? 1978-ல் கார்ட்டர் காலத்தில் ஏ.டி.எஃப். அதன் பக்கம் ஓர் அடி வைத்தது. டீலர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனை விவரத்தை அனுப்ப வேண்டும் என்று ஒரு திட்டம். வாங்கியவர் பெயர்கூடக் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. நாடாளுமன்றம் அந்தத் திட்டத்துக்கு ஆகும் என்று சொன்ன சுமார் 42 லட்சம் டாலரை ஏ.டி.எஃப். பட்ஜெட்டிலிருந்து அப்படியே வெட்டியது. பதிவுகளை ஒன்றுசேர்க்கப் பணம் செலவழிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் வந்து ஒட்டிக்கொண்டது. 1986-ல் துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது: துப்பாக்கிகளுக்கோ, உடைமையாளர்களுக்கோ, விற்பனைகளுக்கோ மத்தியப் பதிவேடு கூடாது.

இந்தப் பயத்தை நம் பக்கத்திலிருந்து புரிந்துகொள்ள ஒரு வழி. இந்தியாவில் தேர்தல் அறிவித்ததும் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்ற விவரம் கையில் இருப்பதால்தான் அது நடக்கிறது. நமக்கு இது சாதாரண விஷயம். ஓர் அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலரிடம் இதைச் சொன்னால், "பார்த்தீர்களா, இதற்குத்தான் பட்டியலே வேண்டாம் என்கிறோம்" என்பார். துப்பாக்கி வைத்திருப்பது அரசு கொடுக்கும் அனுமதி என்று அவர் நினைப்பதில்லை, அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் தந்த உரிமை என்று நினைக்கிறார். அரசு வரம்பு மீறினால் எதிர்த்து நிற்கத்தான் அந்த உரிமை என்று நம்புகிறவரிடம், அதே அரசுக்குப் பட்டியல் கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்?

அவர்கள் கையில் உதாரணங்களும் உண்டு. நியூயார்க் நகரம் 1967-ல் ரைஃபிள்களைப் பதிவு செய்யச் சொன்னது. 1991-ல் சில வகைகளைத் தடை செய்தபோது, பதிவு செய்தவர்களின் வீட்டுக்குத்தான் கடிதம் போனது: ஒப்படையுங்கள், செயலிழக்கச் செய்யுங்கள், அல்லது நகரத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். 2022-ல் கலிபோர்னியா நீதித்துறையின் இணையதளத்திலிருந்து, துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி பெற்ற சுமார் 1,92,000 பேரின் விவரம் கசிந்தது. எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் திருடனுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து நாடான கனடா 1995-ல் நீளத் துப்பாக்கிகளுக்கும் பதிவேடு கொண்டுவந்தது. சில மில்லியன் டாலரில் முடியும் என்ற கணக்கு சுமார் நூறு கோடி டாலருக்கு ஏறியது. 2012-ல் அதைக் கைவிட்டார்கள்.

மறுபக்கத்தின் வாதம் சுருக்கமானது. முதலில் வாங்கியவரோடு தடம் நிற்பதால்தான் கடத்தல்காரர்கள் பிழைக்கிறார்கள், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பதிவு இருந்தால் திருடு போனது எது, விற்றது எது என்று பிரித்தறியலாம் என்கிறார்கள். ஹவாயில் எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்ய வேண்டும், அதனால் வானம் இடிந்து விழவில்லை என்றும் சொல்கிறார்கள். அதே நாட்டில் ஃபுளோரிடாவில் நிலைமை தலைகீழ். அங்கே உடைமையாளர் பட்டியல் வைத்திருப்பதே குற்றம். அரசு அமைப்பே அதைச் செய்தால் 50 லட்சம் டாலர் வரை அபராதம்.

பெயர்ப் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, தேடிக் கிடைத்த தடங்களைத் தொகுத்துப் பார்த்தாலே நிறையத் தெரியும். 2000-ல் ஏ.டி.எஃப். வெளியிட்ட அறிக்கை ஒன்று, தடம் பிடித்துப் போன துப்பாக்கிகளில் 57 சதவீதம், தொழில் நடத்தும் டீலர்களில் வெறும் 1.2 சதவீதம் பேரிடம் போய் முடிந்ததாகச் சொன்னது. பெரிய கடை அதிகம் விற்கும், அதனால் அதன் பெயர் அதிகம் அடிபடும், அது மட்டுமே தப்புக்கு ஆதாரமாகாது என்பது சரிதான். ஆனால் இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. விற்ற தேதிக்கும் குற்றத்தில் சிக்கிய தேதிக்கும் இடையில் மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால், அதுவும் ஒரே கடையிலிருந்து அடிக்கடி வந்தால், அதிகாரிகளுக்கு மூக்கு வியர்க்கும். அந்த விவரங்களை வெளியே தருவதைத்தான் 2003 முதல், அப்போதைய கன்சாஸ் மாநில நாடாளுமன்ற உறுப்பினர் டாட் டியார்ட் பெயரால் வழங்கும் திருத்தங்கள் இறுக்கிக் கட்டின. பொதுமக்கள் எந்தக் கடை என்று கேட்டுப் பெற முடியாது. பின்னணிச் சோதனை விவரத்தை 24 மணி நேரத்தில் அழிப்பது, கடைக்கு ஸ்டாக் எடுக்கச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் இதே குடும்பத்து விதிகள்.

சண்டை இப்போது வங்கிப் பக்கமும் நகர்ந்திருக்கிறது. கார்டு தேய்க்கும்போது கடையின் வகையைக் குறிக்க நான்கு இலக்க எண் ஒன்று போகும். துப்பாக்கிக் கடைகளுக்கென்று தனி எண்ணை 2022 செப்டம்பரில் சர்வதேசத் தர அமைப்பு ஏற்றுக்கொண்டது. கடை எது, தொகை எவ்வளவு என்பது மட்டும்தான் அதில் தெரியும், வாங்கியது ரைஃபிளா கூடாரமா என்பது தெரியாது. இருந்தும் 'பின்வாசல் வழியாகப் பட்டியல்' என்று கொதித்தார்கள். 2023 மார்ச்சில் கார்டு கம்பெனிகள் திட்டத்தை நிறுத்தி வைத்தன. பிறகு கலிபோர்னியா அந்த எண் கட்டாயம் என்றது, ஃபுளோரிடாவும் டெக்சாஸும் கூடவே கூடாது என்றன.

இதற்கு நடுவில் நம்பரே இல்லாத துப்பாக்கிகள் வந்துவிட்டன. பாதி முடித்த பாகங்களைப் பெட்டியாக வாங்கி, வீட்டில் துளை போட்டுப் பொருத்திக்கொள்வது. கோஸ்ட் கன் என்கிறார்கள். தடம் தேட முதல் எழுத்தே இல்லை. அந்தப் பெட்டிகளிலும் எண்ணும் பின்னணிச் சோதனையும் வேண்டும் என்ற 2022-ம் ஆண்டு விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்று ஏற்றுக்கொண்டது.

கடைசியாக, திருடு கொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போகும் காட்சிக்கு வருவோம். அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, சீரியல் நம்பர் என்ன? பலர் அதைக் குறித்தே வைத்திருப்பதில்லை. எண் இல்லாமல் திருட்டுப் பட்டியலில் ஏற்ற முடியாது. வாங்கிய கடைக்குப் போன் போட்டால் அவர்கள் பேரேட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள். கடையை மூடியிருந்தால் அந்த நோட்டு மார்ட்டின்ஸ்பர்க்கில் ஏதோ ஒரு கோப்பில் படமாக இருக்கும். எண்ணைக் கொடுத்தால் பெயரைத் தேடித் தருவதற்கென்றே இருக்கும் அந்த இடத்தில், பெயரைக் கொடுத்து எண்ணைத் தேட வழியில்லை.